“அப்பா, நீங்க நம்புறீங்களா?”

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 48. மகளுக்கு 15, மகனுக்கு 9. மனைவி, என் அம்மாவோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர். இருட்டும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்வது எங்கள் வீட்டு வழக்கம். கால் மணி நேரம்தான். தாத்தா காலத்திலிருந்தே நடக்கிறது. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிரார்த்தனையை முடித்துவிட்டுத்தான் படுப்பார். அவர் போய் 6 வருடம் ஆகிறது. கடைசி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, “விட்டுடாதப்பா” என்றார். எதை என்று சொல்லவில்லை. இதைத்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருடமாக மகள் வர மறுக்கிறாள். முதலில் பாடம் இருக்கிறது என்றாள், பிறகு தலைவலி என்றாள். போன மாதம் ஒருநாள், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் அறையை விட்டு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். முடியும்வரை வாயே திறக்கவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, “அப்பா, நீங்க நம்புறீங்களா?” என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்று கத்தினேன். “நான் உங்களைப் பார்த்துட்டுதான் இருக்கேன். கண்ணை மூடிட்டு நீங்க வேற எதையோ யோசிச்சிட்டு இருப்பீங்க” என்றாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அம்மா நடுவில் வந்து தடுத்தார்.

அன்றிலிருந்து என்ன கேட்டாலும் ஒரு வார்த்தையில்தான் பதில். “உங்கப்பா இருந்தா இந்த வீட்ல இப்படி நடக்குமா?” என்கிறார் அம்மா. “வயசுப் பொண்ணு, விடுங்க” என்கிறாள் மனைவி. மகன் மட்டும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் என் முகத்தைப் பார்த்தபடியேதான் உட்கார்கிறான்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். மகள் சொன்னது உண்மை. எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. சில நாள் மனம் நிற்கும். பல நாள் அலுவலகக் கணக்குதான் ஓடும். அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்காரும்போது அவர் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அதற்காகத்தான் உட்கார்கிறேனோ என்னவோ. அவர் தன் கையால் பிரார்த்தனைகளை எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கை பட்டால் கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு அதை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

தனக்கே நிச்சயமில்லாத ஒருவன் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைக் கொடுக்க முடியுமா? கட்டாயப்படுத்துவது தப்பா? விட்டுவிட்டால், “நீங்க எங்களுக்குச் சொல்லியே தரலையே” என்று நாளைக்குக் கேட்கமாட்டார்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த ஓங்கிய கையைப் பற்றிப் பேசிவிடுவோம். பிரார்த்தனை, நம்பிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். “நீ வந்திருந்தா நான் ஏன் கை ஓங்கப்போறேன்” என்ற வால் அதில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. இழுத்து வந்ததும் கை ஓங்கியதும் தப்பு என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் அம்மாவின் முன்னிலையில் நடந்ததால், மன்னிப்பையும் அவர் காதில் விழும்படி கேட்பது நல்லது.

இனி, அவள் கேட்ட கேள்வி. அதை நீங்கள் எதிர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் கோபம் வந்தது. நான் கடிதத்தில் படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. அப்பாவின் மூடிய கண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு பெண் பல நாளாகக் கவனித்திருக்கிறாள். வழக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டவளுக்கு அந்தக் கவனம் எதற்கு? இதில் உண்மை எது, சடங்குக்குச் செய்வது எது என்று பிரித்துப் பார்க்கிறாள். வளரிளம் பருவத்து வேலையே அதுதான். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் இதைப் பற்றி எழுதினார். தேடலே இல்லாமல் பெற்றோர் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு நிலை. கேள்வி கேட்டு, தடுமாறி, பிறகு தனக்கென்று ஒன்றைப் பற்றிக்கொள்வது வேறொரு நிலை. முதலாவது பார்க்க அமைதியாக இருக்கும். உங்கள் வீட்டில் இப்போது சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், உங்கள் மகளைவிட மகனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நேரத்துக்கு வருகிறான், ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் மத வழக்கத்தை ஏன் பின்பற்றுகிறார் என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993-ல் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி வரும், மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற அழுத்தத்தில் செய்வது ஒன்று. தனக்கே அது முக்கியம் என்று உணர்ந்து செய்வது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மன நலத்தோடு நல்ல விதமாகப் பொருந்திவந்தது இரண்டாவதுதான். அழுத்தத்தில் செய்பவர்களிடம் பதற்றமும் தாழ்வு மனப்பான்மையும் கூடுதலாகத் தெரிந்தன. அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த ஒன்பது வயதுப் பையன் இப்போது யாரை வழிபடுகிறான் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கோபத்தைத்தான்.

‘கட்டாயப்படுத்துவது தப்பா’ என்று கேட்டதற்கு என் பதில் இதிலேயே பாதி இருக்கிறது. மீதியையும் சொல்கிறேன். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெர்ன் பெங்ட்சன் 1970 வாக்கில் தொடங்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்தார். அவை அமெரிக்கக் குடும்பங்கள். எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்று நினைவில் நிற்கிறது. நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர்ந்த வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு நெருக்கமாக இருந்தார்கள். அதிலும் அப்பாவின் பாசம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. பக்தியில் குறையே வைக்காத, ஆனால் கடுமையும் தூரமுமாக இருந்த அப்பாக்களின் பிள்ளைகள் விலகிப்போனது அதிகம். நீங்கள் காப்பாற்றத் துடிப்பது வழக்கத்தை. அது பயணம் செய்ய வேண்டிய பாதையோ உங்களுக்கும் மகளுக்கும் இடையில் இருக்கிறது. அங்கேதான் இப்போது அடைப்பு.

நிச்சயமில்லாதவன் நம்பிக்கையைக் கொடுக்க முடியுமா என்கிறீர்கள். இருப்பதைக் கொடுங்கள். உங்களிடம் என்ன இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சில நாள் நிற்கும் மனம், பல நாள் ஓடும் கணக்கு, பக்கத்தில் அப்பா இருப்பதுபோன்ற உணர்வு. இதில் ஒரு வார்த்தைகூட உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது கண்ணை மூடி அசையாமல் இருக்கும் ஒரு மனிதரை மட்டும். “நீ கேட்டது சரிதான்மா. எனக்கும் பல நாள் மனசு நிக்கறதில்லை. ஆனா உட்கார்ந்தா உங்க தாத்தா ஞாபகம் வருது, அதுக்காகவே உட்கார்றேன்” என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள். மரியாதை குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறீர்கள்.

உங்களுக்கு இந்த வழக்கம் எப்படி வந்தது என்றும் யோசியுங்கள். அப்பா உங்களுக்குச் செய்த உபதேசம் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்த ஆள்தான் இருக்கிறார். சொல்வதைவிட, சிரமப்பட்டுச் செய்வதைப் பார்த்துத்தான் மனிதர்கள் பிறர் நம்பிக்கையை நம்புகிறார்கள் என்று மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-ல் விரிவாக எழுதியிருக்கிறார். உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை, அந்தச் சுவரைப் பார்த்தவர் நீங்கள்.

நடைமுறைக்கு வருவோம். நாளையிலிருந்து நேரம் வந்ததும் நீங்கள் போய் உட்காருங்கள். மகளை ஒருமுறை மட்டும் கூப்பிடுங்கள். வராவிட்டால் முடிந்தபின் அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். அந்தக் கால் மணி நேரம் வீட்டில் சத்தம் வேண்டாம், போன் வேண்டாம், மற்றவர் செய்வதைக் கேலி செய்ய வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்வதன் ஒழுங்கு. நம்பிக்கையை அப்படி உத்தரவு போட்டு வாங்க முடியாது. மகனிடமும், “தூக்கம் வந்தா போய்ப் படு, அப்பா திட்டமாட்டேன்” என்று ஒருநாள் சொல்லிவையுங்கள். உங்கள் அம்மாவிடம், கணவரின் பெயரைச் சொல்லிப் பேத்தியைத் திட்ட வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும்.

சொல்லித்தருவது வேறு, உட்கார வைப்பது வேறு. அந்த வரிகளுக்கு என்ன பொருள், யார் உங்கள் தாத்தாவுக்குக் கற்றுக்கொடுத்தது, வீட்டில் கஷ்டம் வந்தபோது அப்பா என்ன செய்தார் என்பதையெல்லாம் பிரார்த்தனை நேரத்துக்கு வெளியே, பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் குடும்பக் கதைகளைப் பற்றி 20 கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பதுபோன்ற எளிய கேள்விகள். பதில் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. கதையை மனப்பாடம் செய்ய வைத்தால் அது வந்துவிடாது. உட்கார்ந்து சொல்ல ஒருவர், கேட்க ஒருவர் என்று ஒரு வீட்டில் நேரம் இருக்கிறதே, அதில்தான் விஷயம்.

இதையெல்லாம் செய்தும் மகள் திரும்பி வராமலே போகலாம். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். சிலர் தங்களுக்கென்று ஒரு குடும்பம் வந்தபின் திரும்புகிறார்கள், சிலர் வேறு வடிவில் எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் வருவதே இல்லை. “விட்டுடாதப்பா” என்று உங்கள் அப்பா சொன்னபோது எதை என்று சொல்லவில்லை, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அன்று பிடித்துக்கொண்டிருந்தது உங்கள் கையை.

அந்த நோட்டைப் பீரோவிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டால் கிழிந்துவிடும் என்ற பயம் பாதி போய்விடும். படம் எடுத்துத் தர முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். தாத்தாவின் கையெழுத்தை அவள் இதுவரை பார்த்ததுகூட இல்லையே. மாட்டேன் என்றால் மகனை வைத்து எடுங்கள், அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து.