இங்கிலாந்துல செய்ற மார்கன் காருக்குள்ள மரச்சட்டம் இருக்குன்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

மரச்சட்டம்னா காரோட பாடிக்கு உள்ள இருக்குற எலும்புக்கூடு, கதவு, பின்பக்கம், விண்ட்ஷீல்டுக்குக் கீழ உள்ள பகுதின்னு எல்லாத்துக்கும் உருவம் குடுக்குறது அதுதான், அதுமேல தகடை வளைச்சு ஆணியும் ஸ்க்ரூவும் அடிச்சுப் பொருத்துவாங்க.

நம்ம ஊர்ல லாரிக்கு பாடி கட்டுறதப் பாத்திருப்பீங்க, கம்பெனில இருந்து சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் பொருத்துன அடிச்சட்டம் மட்டும் வரும், பட்டறைல மரச்சட்டம் போட்டு தகடு அடிப்பாங்க, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இங்கிலாந்துல மால்வர்ன்ல இருக்குற மார்கன் கம்பெனி முதல்ல மூணு சக்கர வண்டிதான் செஞ்சுது, 1936ல நாலு சக்கர கார் வந்துச்சு. அப்ப பாடிய முழுசா இரும்புல அச்சடிக்கணும்னா பெரிய பிரஸ்ஸும் அச்சும் வேணும், வருஷத்துக்கு கொஞ்சம் கார் செய்ற சின்ன கம்பெனிக்கு அது கட்டவே கட்டாது. ஆனா தச்சன் கையில ஆஷ் மரம் இருந்தா போதும். கோடாரிக்குப் பிடி போடுற மரம் அது, அதிர்ச்சியத் தாங்கும், எடையும் கம்மி. பின்சக்கர வளைவுக்கு மெல்லிசா சீவுன பட்டைகள பசை தடவி ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, அச்சுல இறுக்கி வளைச்சு காயவிடுவாங்க, எனக்கு இந்தக் காருலயே ரொம்பப் பிடிச்ச வேலை அதுதான். பழைய வண்டிகள்ல கதவுக்குக் கீழ தண்ணி தேங்கி மரம் உளுத்துப்போறது உண்டு, அந்தக் கட்டைய மட்டும் மாத்திக்கலாம்.

நிறைய பேர் சேஸிஸே மரம்னு நம்புறாங்க, அது தப்பு, எஞ்சினையும் சக்கரத்தையும் தாங்குற சேஸிஸ் அப்ப இரும்பு, இப்ப அலுமினியம்.