அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அணிகள் கான்ஃபரன்ஸ் (தமக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பு) மாறுவதால் பிளேஆஃப் (தேசியக் கோப்பைக்கான இறுதிச் சுற்று) வாய்ப்பு யாருக்குக் கூடியது, யாருக்குக் குறைந்தது?

பெரிய அணிகளுக்குக் கூடியது; ஆனால் சிறிய அணிகளுக்குக் கதவு முழுதாக அடைபடவில்லை என்பதே என் கணிப்பு.

தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தைத் தேடி, 2024-இல் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸுக்கும், யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் ஆகிய நான்கும் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்கும் சென்றன. மேற்குக் கரையின் பழம்பெரும் பேக்-12 கான்ஃபரன்ஸில் எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே அணிகள். அதே ஆண்டு பிளேஆஃப் நான்கு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்தது. ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம் என்றிருந்த திட்டம், பேக்-12 சரிந்ததும் ஐந்தாகச் சுருங்க, தரவரிசைப்படி தேர்வாகும் இடங்கள் ஏழாயின. அந்த ஏழில் பெரும்பங்கு, கடினமான அட்டவணையைக் காரணம் காட்டக்கூடிய எஸ்.இ.சி., பிக் டென் ஆகிய இரண்டுக்கே போகிறது. 2024-இல் பிக் டென்னிலிருந்து மட்டும் நான்கு அணிகள் நுழைந்தன. தன் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்துக்கே தகுதி பெறாத ஓஹையோ ஸ்டேட் கோப்பையையும் வென்றது. ஒரு தோல்வியும் காணாமல் 13-0 என்றிருந்த ஏ.சி.சி. என்ற மற்றொரு கான்ஃபரன்ஸின் சாம்பியன் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு 2023-இன் நான்கு அணிப் பிளேஆஃபில் இடமில்லாமல் போனதை நினைத்தால், இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

2025 வரை இருந்த விதியில் ஒரு வேடிக்கையும் இருந்தது. நேரடி இடம் எந்தக் குறிப்பிட்ட கான்ஃபரன்ஸுக்கும் உரியதாக இருக்கவில்லை. சாம்பியன்களில் தரவரிசையில் முந்தும் ஐவருக்கே உரியதாக இருந்தது. அணிகள் பெருகிய ஏ.சி.சி.யில் 2025-இல் பல அணிகள் இரண்டாமிடத்துக்குச் சமநிலையில் நிற்க, சமன்முறி விதிகளின் தயவில் இறுதிக்கு வந்த ட்யூக், ஐந்து தோல்விகளுடன் பட்டத்தையும் வென்றுவிட்டது. ட்யூக் வெளியே நிற்க, தரவரிசையில் அதை முந்திய டுலேன், ஜேம்ஸ் மேடிசன் ஆகிய இரு சிறிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களும் உள்ளே போயின.