மெழுகுவர்த்தி ஆராதனைக்கு எந்த ஒளிப் பாடல்கள்?

ராயபுரம் சகோதரிக்கு, கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனைக்கு மூன்று ஒளிப் பாடல்கள் கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் விளக்கை அணைத்ததும் சபை பாடாமல் நின்றுவிட்டது என்றீர்கள். இருட்டில் புத்தகம் தெரியாது, அவ்வளவுதான். தீபம் ஏற்றும்போது எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டையே வையுங்கள்.

'வெளிச்சம்' என்ற சொல் வந்தால் மட்டும் பாட்டு பொருந்திவிடாது, வரிசை முக்கியம். ஏசாயா 9:2 ('இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்') வாசித்ததும், விளக்கை அணைக்கும் முன்பே, இருளிலிருந்து மன்றாடும் பாட்டு. 'காரிருளில் என் நேச தீபமே' (ஆங்கில மூலப் பாடலை எழுதியவர் நியூமன், 1833) இதற்கு அருமை. ஆனால் நீண்ட அடியும் குட்டை அடியும் மாறிமாறி வருவதால், குட்டை அடியில் சபை முந்தும். பாடகர் குழு அங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும். 'நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்' என்ற யோவான் 8:12க்குப் பிறகு தீபமும் மனப்பாடப் பாட்டும். 'நீங்கள் உலகத்திற்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்' என்ற மத்தேயு 5:14ஐ ஒட்டிய பாட்டு கடைசியில், பவனியாக வெளியேறும்போது.

உச்ச ஸ்வரம் மேல் 'டி' (D) ஸ்வரத்தைத் தாண்டாதபடி ஸ்கேலை இறக்குங்கள். மின்விசிறிகளை நிறுத்தி, கடற்காற்று வரும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள். எரியும் மெழுகுவர்த்தி நிமிர்ந்தே இருக்கட்டும், எரியாததைத்தான் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மெழுகு கையில் சொட்டி, பாட்டு பாதியில் அறுந்துவிடும்.