தடுப்பூசி போடாவிட்டால் வேலை போகுமா?

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலை உணவகத்தில் பரிமாறுகிறேன். டைபாய்டு ஊசி போட்ட அட்டையைக் காட்டாமல் வேலைக்கு வரக்கூடாது என்கிறார் முதலாளி. ஊசிக்கான பணத்தையும் சம்பளத்தில் பிடிப்பாராம். நியாயமா?

பதில்: ஊசி விஷயத்தில் மலேசியச் சட்டம் அவர் பக்கம். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி உணவைக் கையாளும் எவரும் மருத்துவப் பரிசோதனை செய்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தவறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. ஒரு ஊசி 3 ஆண்டுக்குத்தான் செல்லும்; அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். பணம் பிடிப்பது வேறு விஷயம். 1955 வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அனுமதிக்கும் இனங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 9 ஆண்டாகக் கணக்குப் பிரிவில் வேலை. எல்லாரும் ஃபுளூ ஊசியும் கோவிட் பூஸ்டரும் போட வேண்டும், இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பு என்று எச்ஆர் கடிதம் கொடுத்துள்ளது. "வம்பு வேண்டாம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், கட்டாயத்தின் பேரில் எழுதினேன் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வேலையிழந்தோருக்குச் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் உதவித்தொகையும் தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடைக்காது.

டைபாய்டு போல இதற்குத் தனிச்சட்டம் இல்லை. இது நிறுவனத்தின் கட்டளை. "என் அரசியலமைப்பு உரிமை" என்று வாதாடினால் எடுபடாது. அரசியலமைப்பு தரும் சமத்துவ உரிமை அரசாங்கத்துக்கு எதிரானது, தனியார் முதலாளிக்கு எதிரானதல்ல என்று ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கும்: இந்த வேலைக்கு இந்தக் கட்டளை நியாயமானதா? வேலையிடப் பாதுகாப்பைப் பேண வேண்டிய கடமை 1994 பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளிக்கு உண்டு. அவர் அதைத்தான் காட்டுவார். டயாலிசிஸ் பிரிவுத் தாதி என்றால் அந்த வாதம் கனமானது. கணினி முன் உட்காரும் கணக்காளருக்கு அவ்வளவு கனமில்லை. அதிலும் வீட்டிலிருந்து வேலை, முகக்கவசம் என்று மாற்று வழி எதையும் யோசிக்காத நிறுவனம் என்றால்.

எச்ஆருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். ஒவ்வாமையோ நோயோ இருந்தால் சிகிச்சை தரும் நிபுணரின் கடிதத்தை இணையுங்கள்; "பொருந்தாது" என்ற ஒற்றை வரி போதாது, எந்த ஊசி, ஏன் என்று இருக்க வேண்டும். "எனக்கு விருப்பமில்லை" என்பது மட்டும் காரணமென்றால், கசப்பாக இருந்தாலும் சொல்கிறோம், வழக்கு பலவீனம். வாட்ஸ்அப்பில் வந்த எச்ஆர் செய்திகளை அழிக்காதீர்கள்.

உங்கள் சம்மதமில்லாமல் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினால், ஆட்சேபக் கடிதம் கொடுத்துவிட்டுப் பிடித்த சம்பளத்தைத் தொழிலாளர் இலாகாவில் கோரலாம். ஒழுங்கு நடவடிக்கை என்றால் உள்விசாரணை நடத்த வேண்டும். அதற்காக இடைநீக்கம் செய்தால் 2 வாரத்துக்கு மேல் கூடாது, பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றமில்லை என்று முடிந்தால் மீதிப் பாதியும் வர வேண்டும்.

வேலையை விட்டே நீக்கினால் 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் (ஜேபிபி) எழுத்துமூலம் முறையிடுங்கள், கட்டணம் கிடையாது. சனி, ஞாயிறு, தீபாவளி, தைப்பூசம் எல்லாம் அந்த 60இல் சேர்த்தி. பலர் சறுக்குவது படிவத்தில்தான்: "நஷ்டஈடு வேண்டும்" என்று எழுதுகிறார்கள். கேட்க வேண்டியது மீண்டும் வேலை. திரும்பப் போக மனமில்லாவிட்டாலும் அப்படியே எழுதுங்கள், சட்டம் அந்தக் கோரிக்கையைத்தான் ஏற்கும். இலாகா நடத்தும் சமரசக் கூட்டத்துக்கு வழக்கறிஞரை அழைத்துப் போக முடியாது. தொழிற்சங்கம் இருந்தால் அதன் பொறுப்பாளர் வரலாம். பேச்சு முறிந்தால், 2021 முதல் அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் இலாகாவே தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். அங்கே வென்றால் பின்தேதிச் சம்பளம் (நீக்கப்பட்ட பிறகான காலத்துக்குரியது) அதிகபட்சம் 24 மாதம். மீண்டும் வேலை தர இயலாதென்றால் ஓர் ஆண்டு சேவைக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கமான கணக்கு.

கேள்வி: ஊசி போடாததால் நீக்கப்பட்டு 70 நாள் ஆகிறது. இனி வழியே இல்லையா?

பதில்: ஜேபிபி கதவு மூடிவிட்டது, 60 நாளை நீட்டிக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால் நோட்டீஸ் கொடுத்து நீக்கினார்களா என்று கடிதத்தைப் பாருங்கள். கொடுத்திருந்தால் நோட்டீஸ் முடிந்த நாளிலிருந்துதான் 60 நாள். அதுவும் தாண்டியிருந்தால் ஒப்பந்த மீறல் என்று 6 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளம்தான் கிடைக்கும். வழக்கறிஞர் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.