தைலத்தில் எலுமிச்சை வாசமா?

கேள்வி: யூகலிப்டஸ் தைலம் என்று இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று வழக்கம்போல மூக்கில் சுள்ளென்று ஏறுகிறது, இன்னொன்றில் எலுமிச்சை வாசம் அடிக்கிறது. கலப்படமா?

பதில்: வாசத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, இனத்துக்கு இனம் தைலமும் மாறும். சளி, மூக்கடைப்புக்கு நாம் தேடுவது பெரும்பாலும் குளோபுலஸ் என்ற இனத்தின் இலைத் தைலம். அதில் முக்கியச் சரக்கு சினியோல். மருந்துத் தரம் என்றால் அது குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். எலுமிச்சை வாசம் வருவது சிட்ரியோடோரா என்ற இனத்தின் இலையில். அதில் அந்த வாசத்தைத் தரும் சிட்ரோனெல்லால்தான் அதிகம், சினியோல் கொஞ்சமே, அதனால் சோப்புக்கும் வாசனைப் பொருள்களுக்கும் அது நன்றாகப் பொருந்தும், மூக்கடைப்புக்கு நீங்கள் எதிர்பார்த்தது கிடைக்காது. லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே 'யூகலிப்டஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: இலையைக் கொதிக்கவைத்தால் வீட்டிலேயே தைலம் கிடைக்குமா?

பதில்: திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் வீடு மணக்கும், தைலம் மிஞ்சாது. இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தைலம் இருப்பது அந்தச் சின்னப் பைகளில்தான். சினியோலின் கொதிநிலை சுமார் 176 டிகிரி, ஆனாலும் நீராவி கூட இருந்தால் 100 டிகிரிக்குள்ளேயே அதுவும் ஆவியாகிக் கிளம்பிவிடும். அந்த ஆவியைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குளிரவைத்தால் தண்ணீர் அடியில் நிற்கும், தைலம் மேலே மிதக்கும், அப்புறம் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவில் ஜோசப் போசிஸ்டோ 1852-இல் இதைத் தொழிலாகத் தொடங்கியதும் இலையை இப்படி வடித்துத்தான். 100 கிலோ பச்சை இலைக்கு ஒன்றிரண்டு கிலோ தைலம் கிடைப்பதே பெரிது.

கேள்வி: சளி பிடித்த ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டு சொட்டு உள்ளே கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகக் குடித்த குழந்தைகளுக்கே வலிப்பு வந்திருக்கிறது, நினைவு தப்பியிருக்கிறது. மூக்கிலோ முகத்திலோ தடவவும் வேண்டாம், மூச்சுத் திணறல் வரலாம். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.