வேளாண் வாத்தியார் பதில்கள்: மகளை எந்தக் குரூப்பில் சேர்ப்பது?

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து 500-க்கு 341 எடுத்திருக்கிறாள். வேளாண்மை குரூப்பில் சேர்க்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். அவளுக்கும் அதில்தான் ஆசை. என் நாத்தனாரோ, "மாட்டுக்குப் புல் அறுக்கப் பள்ளிக்கூடம் எதுக்கு? அத நீயே கத்துக் குடுத்துடலாமே" என்கிறார். ராத்திரியில் தூக்கம் வரவில்லை ஐயா. என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், திண்டிவனம் வட்டம்

பதில்: அம்மா, அரசுப் பள்ளியில் 29 வருடம் வேளாண்மை நடத்தினேன். உங்கள் நாத்தனார் சொன்னதை ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையைப் பற்றித்தான் சொல்வேன்.

என்னிடம் படித்த ஒரு பெண். அவள் வீட்டில் மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கென்று வைத்திருந்த காய், ஐப்பசி மழையில் அடியில் ஈரம் வாங்கிவிட்டது. எடுத்துக் காயவைத்தார்கள். மேலே பார்த்தால் நல்ல காய், குறை சொல்ல முடியாது. அந்த வாரம் வகுப்பில் முளைப்புத்திறன் பாடம். அவள் அந்த மூட்டையிலிருந்து 100 பருப்பு எண்ணி எடுத்துவந்தாள். நனைத்த சாக்கில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, சுருட்டி, வகுப்பு மூலையில் நிறுத்தினோம். தினமும் காலையில் வந்ததும் அவள்தான் தண்ணீர் தெளிப்பாள். பத்தாம் நாள் பிரித்தால் 54 தான் முளைத்திருந்தது. மீதியில் பாதிக்குப் பூசணம் பிடித்திருந்தது. மல்லாட்டை விதைக்குச் சான்று கொடுக்க 70 சதவீதமாவது முளைக்க வேண்டும்.

வீட்டில் போய்ச் சொன்னாள். அப்பா நம்பவில்லை. "எங்கப்பன் காலத்துலருந்து இப்படித்தான் வெச்சுப் போடறோம்" என்றார். ஆனாலும் மனசு கேட்காமல் கொல்லை ஓரமாக இரண்டு வரி ஊன்றிப் பார்த்திருக்கிறார். வரி நெடுகப் பொக்கைவாய் மாதிரி இடைவெளி. விதையை மாற்றிவிட்டார். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பும் உழவுக் கூலியும் ஆள் கூலியும் மண்ணுக்குள் போன பிறகு தெரியவேண்டியது, 100 பருப்பில் தெரிந்துபோனது. அடுத்த வருடம் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் விதையைப் பொட்டலம் கட்டி அவளிடம் கொடுத்தனுப்பினார்கள். பதினாறு வயதுப் பெண்ணிடம்! அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. புல் அறுப்பதைக் கற்றுக்கொடுக்க நீங்கள் இருக்கிறீர்கள் அம்மா. இதைக் கற்றுக்கொடுக்கத்தான் பள்ளிக்கூடம்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். அந்தப் பள்ளியில் இப்போது வேளாண்மை ஆசிரியர் இருக்கிறாரா? நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடம் இரண்டு வருடம் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தே பரீட்சை எழுதினார்கள். அந்த வேதனை எனக்கு ஆறவே இல்லை. ஆசிரியர் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். இரண்டாவது, இந்தக் குரூப்பில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. டாக்டர் ஆகவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு மனதின் மூலையில் இருந்தாலும் இது வேண்டாம். மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடமாக இதை வைத்திருப்பதைப் பார்த்து நான் பல பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். உங்கள் மகள் ஆசைப்பட்டு வருகிறாள். அதுதான் வேண்டும்.

மேற்படிப்புக்கு வழி இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, நீட் கிடையாது. வேளாண்மை குரூப் தொழிற்கல்விப் பிரிவுதான், அதில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இரண்டு வருட வேளாண்மை டிப்ளமோ முடித்தால் உதவி வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம். அந்தந்த வருடத்து விளக்கக் கையேட்டை வாங்கி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிராமத்து அரசுப் பள்ளியில் புதிதாக வேளாண்மை ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். பள்ளிக்கு இருப்பது ஐந்து சென்ட் இடம். கிணறு இல்லை, வேலி இல்லை, ஆடு வந்து மேய்ந்துவிடுகிறது. செய்முறை வகுப்பை எப்படி நடத்துவது ஐயா?
- ஓர் ஆசிரியர், செஞ்சி பக்கம்

பதில்: தம்பி, உங்கள் வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் பாதிப்பேர் வீட்டிலாவது ஒரு காணி நிலம் இருக்கும். அதுதான் உங்கள் பண்ணை. மண் மாதிரி எடுப்பதை அங்கே செய்யச் சொல்லுங்கள். கோணல் மாணலாக நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' மாதிரி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஒரே கனத்தில் சுரண்டவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். எருக்குழி ஓரத்திலும் வரப்பிலும் மர நிழலிலும் எடுக்கக்கூடாது. ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளே சொல்லட்டும்.

கணக்கையும் விடாதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து போதும் என்றால் எத்தனை கிலோ யூரியா? ஏறக்குறைய 22. அரை மூட்டைதான். முழு மூட்டையை அவிழ்த்துக் கொட்டும் அப்பாவிடம் அந்தப் பையன் அன்று சாயங்காலமே பேசுவான். விதைப் பையில் இருக்கும் ரகத்தின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். டி.எம்.வி. என்பது நம் திண்டிவனம், வி.ஆர்.ஐ. என்பது விருத்தாசலம், ஏ.டி.டி. என்பது ஆடுதுறை. பஸ்ஸில் போய் இறங்கும் ஊரில் பிறந்த விதை என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

அந்த ஐந்து சென்டில் கீரை போடுங்கள், சத்துணவுக்குக் கை கழுவும் தண்ணீரே போதும். வேலிக்குக் கிளுவை மரத்துப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தாமதமாக வந்த பிள்ளையைத் தண்டனையாகக் களை பிடுங்க அனுப்பாதீர்கள். அவன் அம்மா அந்த நேரத்தில் யாரோ ஒருவர் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருப்பார். அம்மாவின் வேலையைத் தண்டனை என்று பள்ளிக்கூடம் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: நான் படிக்காதவன். என் மகள் பதினொன்றாவதில் வேளாண்மை படிக்கிறாள், இந்தக் கடிதமும் அவள் எழுதியதுதான். மல்லாட்டைக்கு 45-ம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறாள். இதுவரை போட்டதில்லை. காய் நிறைய உள்ளே பருப்பில்லாமல் பொக்காகப் போகிறது. அவள் பேச்சைக் கேட்கலாமா?
- ஒரு விவசாயி, உளுந்தூர்பேட்டை பக்கம்

பதில்: கேளுங்கள் ஐயா, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) கந்தகமும் இருக்கின்றன. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து இலைக்குத்தான் ஏறும், அங்கிருந்து காய்க்குத் திரும்பி இறங்காது. பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணுக்குள் போன பிறகு, காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மேல் மண்ணில் அது இல்லையென்றால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது.

இறவைக்கு, அதாவது தண்ணீர் பாய்ச்சும் பயிருக்கு, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். 40-லிருந்து 45 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது செடி ஓரமாகத் தூவி, கொத்தி மண் அணையுங்கள். அதற்குப் பிறகு களைக்கொட்டு கொல்லைக்குள் போகக்கூடாது, விழுது அறுந்துவிடும். இரண்டு பாத்திக்கு மட்டும் ஜிப்சம் போடாமல் விட்டுவையுங்கள். பிடுங்கும்போது அதில் பத்துச் செடி, இதில் பத்துச் செடி எடுத்து, எத்தனை பொக்கு என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதை எனக்கும் எழுதச் சொல்லுங்கள் ஐயா.