சாவியை எடுத்த பிறகும் ஓடும் ரேடியேட்டர் ஃபேன்: கேள்வி பதில்

வெயில் ஏறியதும் ரேடியேட்டர் ஃபேன், பேட்டரி பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. நாங்கள் தூங்கிய பிறகும் முன்பக்க ஃபேன் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பேட்டரி புதுசு. ஒரு ஃபேன் பேட்டரியையே காலி பண்ணுமா?

பண்ணும். சின்ன கார்களில் இந்த ஃபேன் சாதாரணமாக 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) என்று வையுங்கள். 15 ஆம்பியர் போனால் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்பதால், அதற்கு முன்பே ‘டிக் டிக்’ சத்தத்தோடு நின்றுவிடும். வண்டிக்குள் இருக்கும் 5 வாட் பல்பை இரவு முழுக்க எரியவிட்டாலும் 4 ஆம்பியர்-அவர்தான் போகும். புது பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அதன்மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி (திருச்சி): என் காரில் நிறுத்திய பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஃபேன் ஓடி நிற்கிறது. இதுவும் பழுதா சார்?

இல்லை. எஞ்சின் நின்றதும் வாட்டர் பம்பும் நின்றுவிடும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுற்றாது. எஞ்சின் பிளாக்கில் இருக்கும் சூடு கூலன்டில் இறங்குவதால், நிறுத்திய பிறகு வெப்பம் கொஞ்சம் ஏறவே செய்யும். அதைத் தணிக்கத்தான் பல வண்டிகளில் இந்த ஏற்பாடு. சில வண்டிகளில் பத்து நிமிடம் வரைகூட ஓடும். கால் மணி நேரம் தாண்டியும் ஓடினாலோ, ஆறிப்போன எஞ்சினில் ஓடினாலோ சந்தேகப்படுங்கள். சாவி போட்டால்தான் ஃபேனுக்கு கரண்ட் போகும்படி அமைத்த வண்டிகளும் உண்டு. அவற்றில் சாவியை எடுத்தபின் ஒரு நிமிடம் ஓடினாலும் பழுதுதான்.

கேள்வி (கோவை): ஒர்க்‌ஷாப் போகும் முன் நானே எங்கே கோளாறு என்று பார்க்க முடியுமா?

முடியும். மல்டிமீட்டர்கூட முதலில் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: இந்த ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும். கையையும் துப்பட்டாவையும் தள்ளி வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

ஃபேன் தானாக ஓடாது, யாரோ அதற்கு ஓடச் சொல்கிறார்கள். அது யார் என்று பிடிப்பதுதான் வேலை. பானெட்டுக்குள் ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் ரிலேக்களின் படம் இருக்கும். (ரிலே என்பது சின்ன கரண்டில் இயங்கி, ஃபேனுக்குப் போகும் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.) ஃபேன் ஓடும்போது ஃபேன் ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கியும் ஓடினால், ரிலேயைத் தாண்டி யாரோ நேரடியாக வயர் கொடுத்திருக்கிறார்கள். (இரண்டு வேகம் உள்ள வண்டிகளில் இரண்டு மூன்று ரிலே இருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.)

நின்றுவிட்டதா? இப்போது அதே பாகம் எண் உள்ள வேறொரு ரிலேயை, பெரும்பாலும் ஹார்ன் ரிலே பொருந்தும், அந்த இடத்தில் செருகுங்கள். ஃபேன் ஓடாவிட்டால் பழைய ரிலேதான் குற்றவாளி. உள்ளே கரண்டைக் கடத்தும் காண்டாக்ட் சூட்டில் ஒட்டிக்கொண்டுவிடும், அதை இழுக்கும் காயிலுக்கு (கம்பிச்சுருள்) கரண்ட் இல்லாவிட்டாலும் விலகாது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் சில நேரம் விட்டுக்கொடுக்கும். அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், மறுபடி ஒட்டும். நான் பார்த்த இந்த வகைக் கேஸ்களில் ரிலேதான் அதிகம், செலவும் அதில்தான் குறைவு.

மாற்று ரிலே போட்டும் ஓடுகிறது என்றால், ரிலேயின் காயிலுக்கே உத்தரவு வருகிறது. ரிலேயைக் கழற்றி, 85, 86 என்று எழுதிய கால்கள் போகும் துளைகளுக்கு இடையே சாவி இல்லாமல் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால், கட்டுப்பாட்டு வயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது, பழைய வண்டியாக இருந்தால், சூடேறியதும் ஃபேனை ஓட்ட ரேடியேட்டரில் வைத்த தெர்மோ சுவிட்ச் ஒட்டியிருக்கிறது, அரிதாக ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பழுது. தெர்மோ சுவிட்ச் பிளக்கைக் கழற்றியதும் ஃபேன் நின்றால் விஷயம் முடிந்தது.

கேள்வி (மதுரை): மெக்கானிக் டெம்பரேச்சர் சென்சார் மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

எப்போது ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பொறுத்துத்தான் பதில். சென்சார் வயர் அறுந்தால் பல வண்டிகளில் ஈசியூ பயந்துபோய், சாவி போட்டதுமே குளிர்ந்த எஞ்சினிலும் ஃபேனை ஓடவிடும். சாவியை எடுத்தால் சிறிது நேரத்தில் நிற்கும். அப்படியென்றால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. விடிய விடிய ஓடுகிறது என்றால் முதலில் ரிலே. ஏசி பிரஷர் சுவிட்சும் ஃபேனை ஓட்டும். ஏசியை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): நெடுஞ்சாலையில் சூடேறியபோது ஒருவர் ஃபேனுக்கு டைரக்ட் லைன் கொடுத்து, தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிவிட்டார். இனி சூடே ஆகாது என்றார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை பேட்டரி இறங்குகிறது.

இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. வழியில் வீடு போய்ச் சேர அப்படிச் செய்வது சரி, அதையே நிரந்தரமாக விடக்கூடாது. பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்து நடுவில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார். அணைக்க மறந்த நாளில் பேட்டரி காலி. அந்த வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் வயர் உரசினால் தீப்பிடிக்கும். எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் தெர்மோஸ்டாட் வால்வின் வேலை. அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், மைலேஜ் குறையும். வால்வைத் திரும்பப் போட்டு, வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதை வடித்து, கூலன்ட் ஊற்றி, அன்று ஏன் சூடேறியது என்று தேடச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): நிறுத்தினால் ஃபேன் ஓடுவதில்லை. ஆனால் மாலை நெரிசலில் ஏசி, ஹெட்லைட்டோடு ஊர்ந்தால் பேட்டரி இறங்குகிறது.

ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கரண்ட் கொடுக்கும், ஃபேனோ அப்போதுதான் முழு வேகத்தில் ஓடும். எல்லாம் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 வோல்டுக்கு மேல் நிற்கிறதா பாருங்கள். 12.5க்குக் கீழே விழுந்தால் ஆல்டர்னேட்டர், பெல்ட், எர்த் வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபேன் மோட்டாரின் புஷ் தேய்ந்து இறுகினாலும் கரண்ட் எகிறும். அதன் பிளக் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதுவே சாட்சி. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ள எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சாதாரண மல்டிமீட்டரை ஃபேனோடு தொடராக இணைத்தால் அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும்.

கேள்வி (தஞ்சாவூர்): சரிசெய்யும் வரை தினமும் ஃபேன் ஃபியூஸைக் கழற்றி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். மறந்து ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போகும். அந்தச் செலவில் பத்து ரிலே வாங்கலாம்.

கேள்வி (ஈரோடு): முழுக்க இறங்கிய பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டினால் தானாக ஏறிவிடுமா?

அரைகுறையாக ஏறும். காலியான நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்படும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3 அல்லது 4 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு மேல் மெதுவாகச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். சில மணி நேரம் ஓய்வில் வைத்துப் பார்க்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.2 காட்டினால் பாதிதான் ஏறியிருக்கிறது, மறுபடி போடுங்கள். ஜம்ப் கேபிள் மாட்டும் முன் ஒட்டிக்கொண்ட அந்த ரிலேயைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளில் வரும் கரண்டில் ஒரு பங்கை ஃபேனே எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனதும், வண்டியை எடுக்கும் முன், வேறு ரிலே செருகுங்கள்.